உங்க பான் நம்பரில் வேறு யாராவது கடன் வாங்கியிருக்காங்களா? செக் பண்ணுவது எப்படி?

2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன் ட்விட்டரில் ஒரு புகார் போட்டார். தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும், அதனால் தன் சிபில் ஸ்கோர் அடிவாங்கியதாகவும் சொன்னார். வெறும் 2,000 ரூபாய்தானே என்று தோன்றலாம். ஆனால், வாங்கியவர் அதைக் கட்டப் போவதில்லை. கட்டாத கடன் பான் எண்ணின் சொந்தக்காரர் பெயரில்தான் நிற்கும். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போய், 'உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு பாக்கி இருக்கே' என்று மேனேஜர் சொல்லும் வரை விஷயமே தெரியாமல் போகலாம்.

அடையாளத் திருட்டு என்றதும் ஹேக்கர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் ஆதார் ஜெராக்ஸ், பான் ஜெராக்ஸ், ஒரு போட்டோ ஆகியவற்றோடு, சரிபார்ப்பில் அசால்ட்டாக இருக்கும் ஒரு கடன் செயலியும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. லாட்ஜ், சிம் கடை, வாடகை வீடு என்று இதுவரை எத்தனை இடத்தில் ஜெராக்ஸ் கொடுத்திருப்போம் என்பதை நம்மாலேயே சொல்ல முடியாது.

முதலில் கடனைப் பாருங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எனவே, காசு கேட்கும் இடைத்தரகு ஆப்கள் தேவையில்லை.

அறிக்கை கையில் வந்ததும் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உங்கள் பெயரில் உள்ள கடன் கணக்குகளையும், அதற்குக் கீழே உள்ள 'என்கொயரி' பகுதியையும் பாருங்கள். உங்களுக்குக் கடன் தரலாமா என்று எந்த நிறுவனம், எந்தத் தேதியில் விசாரித்தது என்பது அதில் இருக்கும். நீங்கள் கேட்காத கடனுக்கு விசாரணை நடந்திருந்தால், யாரோ முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சிம் கார்டையும் பார்த்துவிடுங்கள்

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மொபைல் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். தெரியாத எண் இருந்தால், 'இது என் எண் அல்ல' என்று அங்கேயே புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 சிம் வரைதான் இருக்கலாம். அந்த சிம்மிலிருந்து மோசடி நடந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான் என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமா?

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி, இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. குழப்பம்தான் மிச்சம். ஆனால் அதில் சொல்லப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' நல்ல வழி. ஆதார் தளத்திலேயே டவுன்லோட் செய்யலாம். 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும்தான் தெரியும். முழு நகல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று போட்டோவின் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கைரேகையை வைத்து ஓடிபி இல்லாமலே வங்கிக் கணக்கில் பணம் எடுக்கும் வசதியும் இருக்கிறது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையைப் போலியாகச் செய்து பணம் எடுத்த வழக்குகள் வெளிமாநிலங்களில் பதிவாகியுள்ளன. எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக் லாக் போட்டால் இதைத் தடுக்கலாம். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் முன் அன்லாக் செய்ய மறந்துடாதீங்க, இல்லையென்றால் வரிசையில் நின்று திரும்ப வேண்டியதுதான்.

மாட்டிக்கொண்டால்?

'சின்னத் தொகைதானே, கட்டித் தொலைச்சிடலாம்' என்று வீட்டில் சொல்வார்கள். கட்டாதீர்கள். ஒரு தவணை கட்டினாலும் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி இந்தக் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிறகு கடன் கொடுத்த நிறுவனத்துக்கும், கடன் தகவல் நிறுவனத்துக்கும் புகார் நகலோடு எழுத்துப்பூர்வமாக அனுப்புங்கள். 30 நாளில் சரிசெய்யவில்லை என்றால், அதன்பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. கடன் நிறுவனம் கண்டுகொள்ளவே இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

இதற்கிடையே வசூல் ஏஜென்ட் போன் செய்தால் புகார் எண்ணைச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பிறகும் அவர்கள் கூப்பிடவே கூடாது. அப்படிக் கூப்பிட்டால் கால் விவரத்தை அழிக்காமல் வைத்திருங்கள், ஆம்பட்ஸ்மேன் புகாரில் அதையும் சேர்க்கலாம்.