தூண் வைத்த மாளிகையும் கீற்றுக் கொட்டகையும்

இங்கிலாந்திலே மதுக்கடையை ‘பப்’ என்று அழைக்கிறார்கள். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்ற தொடரின் சுருக்கம் அது. பொதுவீடு என்பது பொருள். குடியிருப்பதற்காகக் கட்டிய வீட்டிலேயே அடுப்பும் மேசையும் இட்டு, வழிப்போக்கரை வரவேற்ற பழக்கத்திலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. நம் நாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் அந்தப் பொதுவீட்டோடு நிற்கவில்லை. கதவு அடைத்த வீட்டையும் கொண்டுவந்தார்கள். அத்தகைய வீடு ஒன்றைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நான் சேலத்துச் சமவெளியில் பிறந்தவன். கோடை விடுமுறையில் உதகைக்குச் சென்றபோது, அங்குள்ள உதகை கிளப்பின் கட்டடத்தைப் பாதையில் நின்று பார்த்தேன். வெள்ளை பூசிய சுவர். முகப்பிலே வரிசையாக நிற்கும் உருண்டைத் தூண்கள். பழைய கிரேக்கக் கோயில்களைக் கண்டு ஐரோப்பியர் கற்றுக்கொண்ட கட்டடப் பாணி அது. இதனை 1830-களின் தொடக்கத்தில் கட்டியவர் ஸர் வில்லியம் ரம்போல்டு. ஐதராபாத்தில் லேவாதேவி நடத்திய பாமர் கம்பெனியின் பங்காளி அவர். 1834-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு இங்கே தங்கினார். ஓட்டலாகவும் இருந்த இம்மாளிகை 1843-ல் கிளப்பாக மாறிற்று.

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்தது 1837-ல். ஆகவே கட்டடம் அவருக்கு முந்தியது. அதன் புகழோ அவர் காலத்தது. பெரிய வீடொன்று கிளப்பாவதற்குச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் உணவுக்கூடம் உறுப்பினரின் உணவுக்கூடமாகும். வரவேற்பறை மது அருந்தும் அறையாகும். மாறுவது உள்ளே வருவோரின் பட்டியல் ஒன்றே. இங்கே நெடுங்காலம் அந்தப் பட்டியல் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-ல் இம்மாளிகையிலேதான் ஒழுங்குபெற்றன என்பர். அவற்றை வகுத்த நெவில் சேம்பர்லேன் ஒரு படை அதிகாரி. பிற்காலத்தில் பிரதமரான சேம்பர்லேன் வேறொருவர்.

மலையில் இவ்வாறிருக்க, எங்கள் சமவெளியில் குடி எப்படி இருந்தது? என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பனந்தோப்பின் ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே மண் மொந்தைகள். உட்காரப் பலகையும் இல்லை. கூலியை வாங்கியவர் அதிலே பாதியை அங்கேயே வைத்துவிட்டு வீடு திரும்புவார். வாசலில் காத்திருக்கும் மனைவிக்கு மிஞ்சியது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கொட்டகையை எதிர்த்து எழுந்தது இன்னொரு எளிய இடம். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-ல் தொடங்கிய காந்தி ஆசிரமம் அது. அங்கிருந்துதான் ராஜாஜி மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். ராஜாஜி முதல்வரானதும், 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அன்றைய ஜில்லாவிலே நாமக்கல், தருமபுரிப் பகுதிகளும் அடங்கியிருந்தன. மாகாணத்தில் முதன்முதல் கள்ளுக்கடைகளை மூடிய ஜில்லா எங்களுடையதே. அதனால் நேர்ந்த வருமானக் குறைவை ஈடுசெய்யவே 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசின் வாணிபக் கழகமே நடத்திவருகிறது. சட்டம் எழுவதும் தளர்வதுமாகக் காலம் சென்றிருக்கிறது.

மாணவ நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தூண் வைத்த மாளிகை இன்றும் நிற்கிறது. அதனைப் படம் எடுக்கிறோம், வரலாறு எழுதுகிறோம். கீற்றுக் கொட்டகையோ ஒரு மழைக்காலத்தில் மட்கிப்போயிற்று. அதிலே அழிந்த குடும்பங்களின் கதைக்குக் கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. நின்றவற்றை மட்டும் பார்த்து எழுதினால் வரலாறு பாதியாகவே இருக்கும். ஆகவே ஒரு பழைய கட்டடத்தைக் காணும்போது, “கட்டியவர் யார்?” என்று கேளுங்கள், “உள்ளே வந்தவர் யார்? வெளியே நின்றவர் யார்?” என்றும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் ஊரில் அதற்கு விடை சொல்லக்கூடிய முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.