மருவென்று தோன்றி மருவாகாத ஒன்று

தோலில் முளைக்கும் சிறு வளர்ச்சிகளுள் மரு மிகச் சாதாரணமானது. அதன் தோற்றத்திலேயே வந்து மருத்துவரை ஏமாற்றும் அரிய வளர்ச்சி ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. ரைனோஸ்போரிடியோசிஸ் என்பது அதன் பெயர். பெரும்பாலும் மூக்கினுள் வளரும். அடுத்தபடியாகக் கண்ணிமையின் உட்புறத்தில் தோன்றும். தோலில் வருவது அரிது. இது புற்றுநோய் அன்று. ஆயினும் மருவென எண்ணி மேலோட்டமாக நீக்கினால் மீண்டும் முளைக்கும்.

இந்நோயின் வரலாறே தவறான அடையாளங்களின் வரலாறுதான். 1900ஆம் ஆண்டு புவனோஸ் ஐரிஸில் கில்லெர்மோ சீபர் இதனை முதலில் விவரித்தார். நோய்க்காரணி ஓர் ஒருசெல் விலங்கு எனக் கருதினார். 1903இல் கல்கத்தாவிலிருந்து ஓ'கினீலி ஒரு நோயாளியின் மூக்கு வளர்ச்சியைப் பதிவு செய்தார். அத்திசுவை ஆராய்ந்த மின்சின், ஃபேந்தம் ஆகியோர் 1905இல் அதற்கு 'ரைனோஸ்போரிடியம் கினீலி' என்று பெயரிட்டனர். எடின்பரோவில் ஆஷ்வொர்த் 1923இல் அதன் வாழ்க்கைச் சுழற்சியை விரிவாக ஆராய்ந்து, அது பூஞ்சை என்றார். பெயரும் சீபரின் நினைவாக 'சீபரி' என மாறியது. இலங்கையின் கருணாரத்ன 1964இல் இந்நோய் குறித்துத் தனிநூலே எழுதினார். இறுதியாக 1999இல் மரபணு ஆய்வு, அது பூஞ்சையும் அன்று, மீன்களைத் தாக்கும் சில நுண்ணுயிர்களின் உறவினம் என்று காட்டியது. நூறாண்டுக் காலம் நுண்ணோக்கியில் கண்டவர்களே அதனை வேறொன்றாக எண்ணினர். வெறுங்கண்ணால் பார்க்கும் மருத்துவர் மருவென எண்ணுவதில் வியப்பில்லை.

பிரித்தறியும் வழி எளிது. இளஞ்சிவப்பான, எளிதில் இரத்தம் கசியும் வளர்ச்சியின் மேல் வெண்புள்ளிகள் தெரிந்தால் ஐயுற வேண்டும். அப்புள்ளிகள் நுண்வித்துகள் நிறைந்த பைகள். திசுவை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் தடித்த சுவருடைய அப்பைகள் ஐயத்துக்கு இடமின்றிக் காணப்படும். ஆய்வகத் தட்டில் இவ்வுயிரை வளர்க்க இயலாமையால் திசுப் பரிசோதனையே முடிவான சான்று.

அதற்கும் முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: எங்கே குளிக்கிறீர்கள்? குளம், ஊருணி, கண்மாய் ஆகியவற்றின் தேங்கிய நீரில் நீராடுவோரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. குண்டலுபேட்டை போன்ற சிற்றூரின் மருத்துவமனையிலும் இக்கேள்வியைக் கேட்கலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. விடை 'குளம்' என்றால், வெட்டிய சதையைக் குப்பையில் எறியாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முழுமையாக வெட்டி, அடிப்பகுதியைச் சூட்டுக்கோலால் பொசுக்குவதே இன்றும் முதன்மைச் சிகிச்சை. அது மரு அன்று என்று முன்னரே அறிந்திருந்தால்தான் அந்த அடிப்பகுதி வரை கை செல்லும்.