பதினான்காம் லியோ தேர்வும் தமிழக எதிர்வினைகளும்

பதினான்காம் லியோ தேர்வும் தமிழக எதிர்வினைகளும் என்னும் இக்கட்டுரை, 2025 மே 8 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் 267ஆம் திருத்தந்தையாகப் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டபோது தமிழகத்திலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் எழுந்த எதிர்வினைகளையும் அவற்றின் வரலாற்றுப் பின்னணியையும் விளக்குகிறது. வாழ்த்துச் செய்திகளுடன், புதிய திருத்தந்தை ஏற்ற பெயர், அவருடைய முந்தைய இந்தியப் பயணங்கள், இந்திய-பாக்கித்தான் மோதல், திருச்சபையில் சாதிப் பாகுபாடு ஆகியனவும் இவ்வெதிர்வினைகளோடு தொடர்புடையவை.

தேர்தல்

திருத்தந்தை பிரான்சிசு 2025 ஏப்ரல் 21 அன்று காலமானார். இந்திய அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் இரங்கல் தெரிவிக்கப்பட்டது. ஏப்ரல் 26 அன்று நடந்த இறுதிச் சடங்கில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கலந்து கொண்டார். தமிழ்நாடு அரசின் சார்பில் அமைச்சர் சா. மு. நாசரும் சட்டமன்ற உறுப்பினர் இனிகோ இருதயராஜும் சென்றனர்.

புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மார் அவை மே 7 அன்று சிஸ்டைன் சிற்றாலயத்தில் கூடியது. 133 கர்தினால்மார் வாக்களித்தனர். மறுநாள் நான்காம் வாக்கெடுப்பில் முடிவு எட்டப்பட்டது. வெண்புகை எழுந்தபோது இந்திய நேரம் இரவு 9.37 மணி. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின்னர், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தவரும் பெரு நாட்டில் ஆயராகப் பணியாற்றியவருமான கர்தினால் இராபர்ட் பிரான்சிசு பிரிவோஸ்ட் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து திருத்தந்தையான முதல் நபர் இவரே.

இந்திய வாக்காளர்கள்

80 வயது நிறையாத கர்தினால்மார் மட்டுமே வாக்களிக்க இயலும் என்னும் விதியை ஆறாம் பவுல் 1970இல் ஏற்படுத்தினார். 2025இல் இந்தியாவிலிருந்து பிலிப் நேரி பெராவோ (கோவா), பசேலியோசு கிளீமிசு (திருவனந்தபுரம்), அந்தோணி பூலா (ஐதராபாத்), ஜார்ஜ் ஜேக்கப் கூவக்காடு ஆகிய நால்வர் வாக்களித்தனர். கேரளத்தின் கர்தினால் ஜார்ஜ் ஆலஞ்சேரி, பிரான்சிசு இறப்பதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பு 80 வயதை நிறைவு செய்ததால் வாக்குரிமையை இழந்தார். இலங்கையிலிருந்து கர்தினால் மால்கம் ரஞ்சித் பங்கேற்றார்.

புதுச்சேரி உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த கல்லேரியில் பிறந்த சைமன் லூர்துசாமி 1985இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அவருக்கு வாக்குரிமை இருந்த காலம் முழுவதும் இரண்டாம் யோவான் பவுலே திருத்தந்தையாக இருந்தமையால் தேர்தல் எதுவும் நடைபெறவில்லை. 2005இல் தேர்தல் நடந்தபோது லூர்துசாமிக்கு வயது 81. அவர் 2014இல் காலமானார்.

அரசின் எதிர்வினை

பிரதமர் நரேந்திர மோதி மே 9 அன்று இந்திய மக்களின் சார்பில் வாழ்த்துத் தெரிவித்து, திருப்பீடத்துடன் உரையாடல் தொடரும் என்று குறிப்பிட்டார். அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலினும் வாழ்த்தினார். மே 18 அன்று நடந்த பணியேற்பு விழாவில் மாநிலங்களவைத் துணைத் தலைவர் அரிவன்சும் நாகாலாந்து துணை முதலமைச்சர் யாந்துங்கோ பாட்டனும் இந்தியாவின் சார்பில் பங்கேற்றனர்.

போர்ச் சூழல்

கர்தினால்மார் அவை கூடிய அதே மே 7 அன்று இந்தியா பாக்கித்தான் பகுதிகள் மீது 'சிந்தூர் நடவடிக்கை' என்னும் தாக்குதலைத் தொடங்கியது. ஆகவே இந்திய ஊடகங்களில் எல்லை மோதல் பற்றிய செய்திகளே முதன்மை பெற்றன. இச்சூழலில், உங்கள் அனைவருக்கும் அமைதி உண்டாகுக என்னும் பொருளில் அமைந்த புதிய திருத்தந்தையின் முதல் வாழ்த்து இங்கு தனிக் கவனம் பெற்றது. மே 10 அன்று சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஞாயிறு நண்பகல் உரையில் அதனை வரவேற்ற பதினான்காம் லியோ, நிலையான உடன்பாடு ஏற்பட வேண்டும் என்று விருப்பம் தெரிவித்தார்.

முந்தைய பயணங்கள்

பிரிவோஸ்ட் 2001 முதல் 2013 வரை புனித அகுஸ்தீன் சபையின் உலகத் தலைவராக இருந்தார். அப்பொறுப்பில் 2004இலும் 2006இலும் கேரளத்திற்கு வந்தார். 2004 ஏப்ரலில் எர்ணாகுளம் புனித பிரான்சிசு அசிசி பேராலயத்தில் நடந்த குருப்பட்ட விழாவில் கலந்து கொண்டார். தேர்தல் முடிவு வெளியானதும் அப்பயணங்களின் ஒளிப்படங்கள் கேரள நாளிதழ்களில் வெளியாயின.

திருத்தந்தையாகப் பதவி வகித்தபோதே தமிழகம் வந்தவர் இரண்டாம் யோவான் பவுல் ஆவார். அவர் 1986 பெப்ரவரியில் சென்னைக்கு வந்தார். பிரான்சிசுக்கு இந்தியப் பிரதமர் 2021இல் அழைப்பு விடுத்தும் அப்பயணம் நடைபெறவில்லை.

பெயர்

தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் லியோ என்னும் பெயர் 'சிங்கராயர்' என வழங்கப்படுவதுண்டு. இலத்தீன் மொழியில் 'லியோ' என்பதற்குச் சிங்கம் என்று பொருள். திருத்தந்தை என்னும் சொல்லுக்கு இணையாகத் தமிழகத்தில் போப்பாண்டவர் என்பதும் இலங்கையில் பாப்பரசர் என்பதும் பயன்பாட்டில் உள்ளன.

இப்பெயரைக் கடைசியாகத் தாங்கியிருந்த பதின்மூன்றாம் லியோவுக்கு (1878–1903) இந்தியத் திருச்சபை வரலாற்றில் முக்கிய இடம் உண்டு. அவர் 1886 செப்டம்பர் 1 அன்று இந்தியாவில் முறையான மறைமாவட்ட அமைப்பை ஏற்படுத்தினார். அதன்படி புதுச்சேரி உயர்மறைமாவட்டமாயிற்று. 1953 முதல் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம் என அழைக்கப்படும் இதன் எல்லைக்குள் மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டப் பகுதி உள்ளது. இந்தியர்களைக் குருக்களாக உருவாக்க வேண்டும் என்று 1893இல் வலியுறுத்திய பதின்மூன்றாம் லியோ, இலங்கையின் கண்டியில் குருத்துவக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அது 1955இல் புனே நகருக்கு மாற்றப்பட்டது.

தொழிலாளர் கேள்வி

பதின்மூன்றாம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல் நியாயமான ஊதியம், ஓய்வு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை வலியுறுத்தியது. தாம் இப்பெயரைத் தேர்ந்தெடுத்ததற்கு அச்சுற்றுமடலே முதன்மைக் காரணம் என்றும், செயற்கை நுண்ணறிவு இன்று உழைப்பின் மாண்புக்குப் புதிய சவாலாக உள்ளது என்றும் பதினான்காம் லியோ 2025 மே 10 அன்று கர்தினால்மாரிடம் விளக்கினார்.

இவ்விளக்கத்தை மரக்காணம் கடற்கரையின் நிலையோடு ஒப்பிட்டுக் காணலாம். அங்குள்ள உப்பளங்களில் கோடைக்காலமே உற்பத்தி மிகும் பருவம். தேர்தல் நடந்த மே மாதமும் அதில் அடங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் நீர் நிறைந்து வேலை நின்றுவிடும். தொழிலாளர்களுக்குக் கூலி இராது. இந்த இடைவெளியை ஈடுசெய்யவே தமிழ்நாடு அரசு 2022இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஊதியமும் ஓய்வும் பற்றி 1891இல் எழுப்பப்பட்ட கேள்விகள் இத்தகைய பருவக்காலத் தொழில்களுக்கு இன்றும் பொருந்துகின்றன.

சாதிப் பாகுபாடு

தமிழகக் கத்தோலிக்கருள் தலித் மக்கள் பெரும் பகுதியினர் ஆவர். ஆயர் பதவிகளில் தங்களுக்குப் போதிய இடம் இல்லை என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவரிடையே சாதிப் பாகுபாடு கூடாது என்று கண்டித்தார். 2022இல் புதுச்சேரி-கடலூருக்குப் புதிய பேராயர் நியமிக்கப்பட்டபோதும் தலித் கிறித்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

அதே 2022இல் அந்தோணி பூலா தலித் சமூகத்தின் முதல் கர்தினால் ஆனார். 2025 தேர்தலில் அவர் வாக்களித்தது இந்தியாவில் தனிக் கவனம் பெற்றதற்கு இதுவே காரணம்.

இக்குறைக்கும் திருத்தந்தைத் தேர்தலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தமிழக மறைமாவட்டங்கள் திருப்பீடத்தின் நற்செய்தி அறிவிப்புத் துறையின் கீழ் வருகின்றன. 2022இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி அத்துறையின் தலைவர் திருத்தந்தையே ஆவார். எனவே புதுச்சேரி போன்ற இடங்களில் அடுத்த ஆயர் யார் என்னும் முடிவு இறுதியில் அவரிடமே செல்கிறது. கிறித்தவத்திற்கு மாறிய தலித் மக்களுக்குப் பட்டியல் சாதியினர் தகுதி வழங்குவது இதனின்றும் வேறான கோரிக்கையாகும். அது இந்திய அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. அதனை வலியுறுத்தித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது.

இவற்றையும் பார்க்க

- பதின்மூன்றாம் லியோ
- புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம்
- சைமன் லூர்துசாமி
- மரக்காணம்