எந்தக் கோலால் அளப்பது?

போக்குவரத்து அமைப்பொன்று செவ்வனே இயங்குகின்றதா என்று ஆராய்வோர், வருமானத்தையும் சரக்கின் நிறையையும் வண்டிகளின் நேரந்தவறாமையையுமே பெரும்பாலும் கணக்கிடுவர். அக்கணக்குகள் பொய்யல்ல. ஆயின், அவற்றுள் இடம்பெறாது போனவர் யாவர் என்பதை வரலாறே எடுத்துரைக்கும்.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசெம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. மாட்டுக் கரத்தைகளில் நாட்கணக்காக ஊர்ந்த கோப்பி மூட்டைகள் விரைந்து துறைமுகம் சேர்ந்தன. தோட்டத் துரைமாரின் கணக்கேட்டில் அது மகத்தான வெற்றியே.

அதே காலத்தில், அக்கோப்பியைப் பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடே மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். பசிக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். விளைபொருளுக்கு வண்டி, உழைத்தவனுக்குக் காட்டுவழி! எத்தனை தொன் ஏற்றப்பட்டதென எழுதிய ஏட்டில் இம்மரணங்களுக்கு இடமிருக்கவில்லை.

கோப்பி விளையாத வடபுலத்தின் கதியும் இத்தகையதே. கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் புகையிரதம் சென்றது 1905இலேதான். 1990இல் போரினால் அச்சேவை நின்றது. 2014 ஒக்டோபரிலேயே யாழ்ப்பாணம் மீண்டும் புகையிரதத்தைக் கண்டது. ஓடிய வண்டிகளின் நேரந்தவறாமையை மட்டும் அளப்பவனுக்கு, ஓடாத வண்டி தாமதமாவதே இல்லை!

தெருப் போக்குவரத்தில் இவ்வளவுகோலை மாற்ற ஒரு முயற்சி நிகழ்ந்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. போக்குவரத்து இலாபத்திற்கா, மக்களின் தேவைக்கா என்ற வினா அன்று அரசியல் அரங்கேறியது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோது, இலாபமென்னும் பழைய கோலும் உடன் திரும்பியது.

இரவில் நாலைந்து பேருடன் குக்கிராமத்திற்குச் செல்லும் கடைசி பஸ், கணக்காளனுக்கு நட்டமே. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கி வரும் தாய்க்கும் அதுவே வாழ்வு. அவர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தனர், கூலியில் எத்தனை பங்கைக் கட்டணமாகக் கொடுத்தனர், வண்டியின்றி எத்தனை கட்டை நடந்தனர்—இவற்றையும் அளக்கும் கோலே நீதியான கோல். அதனை ஆக்கும் உரிமை, அவ்வண்டிக்காகக் காத்து நிற்கும் மக்களுக்கே உரியது.