கேத்திக்கு வந்த பிரபுவும் கேத்தியில் இருந்த பெண்களும்

பிரிட்டனின் ஐடிவி 2016-இல் ஒளிபரப்பிய ‘விக்டோரியா’ தொடரின் மூன்றாம் அத்தியாயத்தில் இளம் அரசி, பிரதமர் மெல்போர்னின் பிராக்கெட் ஹால் மாளிகைக்கே போய்த் தன் மனத்தைத் திறந்து காட்டுகிறார். பிரதமர் அவரைவிட 40 வயது மூத்தவர். மகுடம் தரித்த பெண் தானே முன்வந்து காதலைச் சொல்வதுதான் அந்த அத்தியாயம் கொண்டாடும் மீறல். இப்படியொரு சந்திப்பு நடந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. விக்டோரியாவோடு சேர்த்து ஊர் வம்பு பேசிய வேறொரு பிரபு உண்டு. அவருடைய கதையின் பிற்பகுதி நீலகிரியின் கேத்தியில் நடந்தது.

ஜான் எல்பின்ஸ்டன், 13-ஆம் பிரபு. நான்காம் வில்லியம் மன்னரின் அரண்மனைப் பணியில் இருந்த அவர், 1837 மார்ச்சில், 29 வயதில், சென்னை மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். இளவரசிக்கு அவர்மேல் காதல், அதை முறிக்கத்தான் கடல் கடந்து அனுப்பிவிட்டார்கள் என்று லண்டன் பேசிக்கொண்டது. அப்போது விக்டோரியாவுக்கு 17 வயது. மூன்று மாதம் கழித்து அரசியானார். ஆளுநர் லஷிங்டன் காலத்தில் கேத்தியில் தொடங்கி, நிலைக்காமல் போன அரசுச் சோதனைப் பண்ணை இருந்த இடத்தில்தான் எல்பின்ஸ்டன் தனக்கு ஆடம்பரமான மாளிகை அமைத்துக்கொண்டார். அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை என்பதும் வதந்திக்கு வசதியாகப் போயிற்று.

வதந்தியை நம்புவதா வேண்டாமா என்பதைவிட, அது எதை மறைக்கிறது என்பதே முக்கியம். விக்டோரியாவின் உண்மையான எதிர்ப்புகள் அதிகாரம் பற்றியவை. 1835-இல் ராம்ஸ்கேட்டில் நோயுற்றுக் கிடந்தபோது, தாயின் காரியதரிசி ஜான் கான்ராய் தன்னை அவருடைய அந்தரங்கச் செயலராக நியமிக்கும்படி நெருக்கினார். 16 வயதுப் பெண் மறுத்துவிட்டார். 1839-இல், அரண்மனைச் சீமாட்டிகளை மாற்றச் சொன்ன எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் பீலுக்கு அவர் இணங்காததால் பீல் ஆட்சியமைக்கவே முன்வரவில்லை. இரண்டாவதை அரசியல் நெறிப்படி சரியென்று சொல்வது கடினம். ஆனால் பிடிவாதம் பிடிவாதம்தான். இத்தகைய வாழ்க்கையில் காதலை நடுவில் வைத்து மற்றதை ஓரத்துக்குத் தள்ளுவது அந்தக் கால வம்புக்கும் இந்தக் காலத் தொடர்களுக்கும் பொதுவான பழக்கம்.

சரி, கேத்தியில் ஆளுநர் மாளிகையைச் சுற்றியிருந்த ஹட்டிகள் எனும் படகர் ஊர்களில் பெண்களின் நிலை என்ன? தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு இதற்கு ஓரளவு விடை தருகிறது. படகர் வழக்கில் பெண் கணவன் வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் மணம் முற்றுப்பெறுவதில்லை. அவள் கருவுற்ற பிறகு, ஏழாம் மாதத்தில், கணவன் மாமனாரிடம் அனுமதி கேட்டு அவள் கழுத்தில் கண்ணி எனும் கயிற்றைக் கட்டும்போதுதான் அது உறுதியாகிறது. பிடிக்காவிட்டால் விலகலாம், மறுமணம் செய்யலாம், கைம்பெண்ணுக்கும் அந்த வழி திறந்திருந்தது.

எல்பின்ஸ்டன் காலத்து இங்கிலாந்தைப் பாருங்கள். 1857 சட்டம் வரும்வரை மறுமணத்துக்கு இடம்தரும் மணமுறிவு வேண்டுமென்றால் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளருக்கும் மெல்போர்னுக்கும் தொடர்பு என்று அவருடைய கணவர் 1836-இல் வழக்குப் போட்டுத் தோற்றார். தோற்றும் பிள்ளைகளைத் தாயிடம் தரவில்லை. கரோலின் விடாமல் போராடியது 1839-இன் குழந்தைக் காவல் சட்டத்துக்கு வழிவகுத்தது. தொடர் கனிவான நாயகனாகக் காட்டும் அதே மெல்போர்ன்தான் இந்த வழக்கில் சிக்கியவர்.

இதற்காகப் படகர் ஹட்டியைப் பெண்ணுரிமையின் பொற்காலம் என்று வர்ணிப்பது தவறு. மணம் முறிந்தால் பிள்ளைகள் தந்தையின் குடும்பத்துக்கே உரியவர்கள், சொத்தும் ஆண்வழிதான். நமக்குக் கிடைக்கும் பதிவுகளும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஆண்கள் எழுதியவை. ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: கணவனை விட்டு விலகி வேறு வாழ்க்கை தேடுவது லண்டன் சீமாட்டிக்கு ஊரே கைகொட்டிச் சிரிக்கும் அவமானமாக இருந்த காலத்தில், கேத்திப் பள்ளத்தாக்குப் பெண்ணுக்கு அது வழக்கம் அனுமதித்த செயல்.

மீறல் என்று பேச வேண்டுமானால் இந்த மலையிலேயே வேறு சான்று உண்டு. படகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான அக்கம்மா தேவி, 1962 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நீலகிரித் தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனார். திருக்குறளைப் படக மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். பாடல் காட்சிக்காகக் கேத்தியின் பச்சைச் சரிவுகளைத் தேடிவரும் தமிழ்ப் படக்குழுக்கள், ஒருமுறையாவது கேமராவைத் திருப்பி இந்தப் பெண்களின் கதையைப் படமாக்க வேண்டும்.