மரத்தின் பேரே வீட்டின் பேர்

ஆந்திராவில் குடியேறிய நம்மவர்க்குப் பள்ளிக்கூடத்திலும் சரி, ரேஷன் கார்டிலும் சரி, முதலில் இடறுவது 'இன்டிபேரு'. நாம் அப்பா பேரின் முதலெழுத்தைச் சொல்லிவிட்டு விழிக்கிறோம்.

இன்டிபேரு என்றால் வீட்டுப்பேர். தெலுங்கர் அதை இயற்பெயருக்கு முன்னால் வைப்பர். பெரும்பாலும் ஊர்ப்பெயராக இருக்கும். டாக்டர் ராதாகிருஷ்ணனின் 'சர்வேபல்லி' அப்படி வந்ததே. அடியேனைக் கவர்ந்தவை மரப்பெயர்கள். 1993 முதல் 1996 வரை தமிழக ஆளுநராயிருந்த மர்ரி சென்னா ரெட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். 'மர்ரி' என்றால் ஆலமரம். (எங்கள் ஆதிநாதர் ஞானம் பெற்றதும் ஆலின் அடியில்தான்.) 1952 பொதுத்தேர்தலில் நேருவைவிட அதிக வாக்கு வாங்கிய ராவி நாராயண ரெட்டியின் 'ராவி' அரசமரம். 'சிந்தல' என்றால் புளியமரங்களின், 'வேமுல' என்றால் வேம்புகளின். கடைசி 'ல' பன்மையோடு சேர்ந்த வேற்றுமை வடிவம். நம் வேம்பும் அவர்கள் வேமுவும் ஒரே வேர்ச்சொல்.

மரம் நேரே ஆளுக்குப் பேரானதா? மரத்தால் ஊருக்கும், ஊரால் ஆளுக்கும் வந்தது என்பதே பலவற்றுக்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. கடப்பைப் பக்கம் வேமுல என்றே ஓர் ஊர் இருக்கிறதே!

வடக்கே பால்டிக் கடலோரம் லாத்வியா என்றொரு சிறு நாடு. அங்கே குர்செமேயில் 1817லும் விட்செமேயில் 1819லும் பண்ணையடிமை ஒழிந்தது. அதுவரை குடியானவனுக்குப் பண்ணைவீட்டின் பேரே அடையாளம். விடுதலையானவனைப் பதிவேட்டில் ஏற்றக் குடும்பப்பேர் தேவைப்பட்டது. 'பேர்சிஞ்ஷ்' என்றால் குட்டி பிர்ச் மரம், 'ஓசோலிஞ்ஷ்' என்றால் குட்டி ஓக் மரம், 'கல்னிஞ்ஷ்' என்றால் சிறு குன்று. இன்றைக்கும் அந்நாட்டில் மிகப் பரவலான பேர்கள் இவை. ஆக, சர்க்கார் பேரேடு கேட்டபோது அவர்களுக்குக் கை கொடுத்தது சுற்றியிருந்த காடும் மேடும்தான்.

பேரேட்டின் அருமை வியாபாரிக்குத் தெரியும். திருப்பதிக் கடையில் கடன் வைத்தவர் மூன்று பேர், மூவரும் வெங்கடேசுலு! இன்டிபேரு இல்லாவிட்டால் யாரிடம் போய் வசூலிப்பது?

நாமும் வேப்பேரி, ஆலங்குடி என்று மரங்களை ஊருக்கு வைத்தவர்களே. அந்த ஊர்ப்பேரைச் சுருக்கி ஓரெழுத்தாக்கினோம். பிறகு அதையும் விட்டோம். எங்கள் சமணரில் பலர் நயினார் என்று போடுவர். அது இன்னார் என்று சொல்லும், எந்த ஊர் என்று சொல்லாது. இங்கே கட்டத்தை நிரப்ப அப்பா பேரை எழுதுகிறோம். விளைவு என்ன? தலைமுறைக்கு ஒரு குடும்பப்பேர். அண்ணன் பிள்ளைக்கு ஒன்று, தம்பி பிள்ளைக்கு இன்னொன்று. பாட்டன் ஊர் எது என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

பேரனின் விண்ணப்பத்தில் ஊர்ப்பேரை முழுசாக எழுதச் சொல்லியிருக்கிறேன். மகன் சரி என்றான். மருமகள் இன்னும் யோசிக்கிறாள்.