எண்ணூர் ரோடும் ஆறு இஞ்ச் டிரம்மும்

பெரியப்பாவோட பழைய 350 புல்லட் என் கைக்கு வந்து வருஷக்கணக்காச்சு. போன மாசம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல முன்னாடி போன கன்டெய்னர் லாரி திடீர்னு நின்னுச்சு. இடது காலால பிரேக்கை மிதிச்சேன். பெடல் பாட்டுக்கு கீழ போகுது, வண்டி பாட்டுக்கு முன்னாடி போகுது! கை பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சதால ஒரு முழம் இடைவெளியில தப்பிச்சேன்.

"இடது காலா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்ன கொசுவத்தி.

ராணுவத்துக்கு வண்டி சப்ளை பண்ணின மெட்ராஸ் மோட்டார்ஸும், இங்கிலாந்தில் ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955ல என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பிச்சாங்க. இடம் நம்ம திருவொற்றியூர். அந்த வட்டாரமே அப்போ சக்கரத்து மேலதான் வளர்ந்துச்சு. எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் (பின்னாடி அசோக் லேலண்ட்). திருவொற்றியூர்ல 1946ல ஒரு கொட்டகையில பலூன் செஞ்சு ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப். அப்புறம் இந்த புல்லட். மொதல்ல பாகங்கள் கப்பல்ல வந்துச்சு, இங்க பூட்டினாங்க. அப்புறம் அச்சும் கருவியும் வந்து, எல்லாமே இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல 1970ல உற்பத்தி நின்னு போச்சு. திருவொற்றியூர்ல நிக்கலை!

அதனால பிரிட்டிஷ் அமைப்பும் நின்னு போகாம தொடர்ந்துச்சு: வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். அதுலயும் முதல் கியர் மேல, மத்ததெல்லாம் கீழ. மத்த வண்டி ஓட்டிப் பழகினவன் அவசரத்துல வலது காலை மிதிச்சா பிரேக் பிடிக்காது, அடுத்த கியர் விழும் :-) நம்ம ஊர்ல இது மாற 2000க்கு அப்புறம் அஞ்சு கியர் வண்டிங்க வர வேண்டியிருந்துச்சு.

சரி, என் பிரேக்குக்கு வருவோம். ராயபுரத்துல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். "ஷூ தேஞ்சிருக்கும், புதுசு போட்டுடுங்கண்ணே"ன்னேன். அவர் கம்பியோட பின்முனை நட்டைப் பார்த்துட்டு சிரிச்சார். "தம்பி, இதை நீ இறுக்கி இறுக்கி மரையே முடிஞ்சு போச்சே. நட்டு மருந்து இல்லப்பா."

சக்கரத்தைக் கழட்டினோம். பழைய புல்லட்ல பின் டிரம்மும் செயின் ஓடுற பல்சக்கரமும் ஒரே வார்ப்பு. பல் தேஞ்சா டிரம்மையே மாத்தணும். உள்ள பார்த்தா ஷூ பாதிதான் தேஞ்சிருக்கு, ஆனா மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னுது. ஷூவை விரிக்கிற கேம் தண்டு துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. கடல் காத்து, உப்பு. நம்ம பக்கம் கேட்டையே தின்னுடுது, கிரீஸ் காஞ்ச தண்டை விட்டு வைக்குமா? என் கால் பலத்துல பாதி அந்தத் தண்டைத் திருப்பவே செலவாகியிருக்கு.

அண்ணன் டிரம்முக்குள்ள வாயால ஊதப் போனார். நான் கையைப் பிடிச்சேன். அந்தக் கால லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துச்சு. அந்தத் தூசி நுரையீரல்ல தங்கிட்டா, புத்துநோயா வெளிய வர பல பத்து வருஷம் கூட ஆகும். "முப்பது வருஷமா ஊதிட்டுதாம்பா இருக்கேன்"னார். எனக்குப் பதில் வரலை. ஈரத்துணியை நீட்டினேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டு, வாங்கித் துடைச்சார்.

அப்புறம் கேம் தண்டைச் சுத்தம் பண்ணி, துளியூண்டு கிரீஸ் வச்சார். அதிகமானா சூட்டுல உருகி ஷூவுல இறங்கிடும். புது ஷூ போட்டோம். ஷூவைத் தாங்குற முளையோட நட்டை லேசா விட்டுட்டு, "பெடலை அழுத்திப் பிடி"ன்னார். நான் அழுத்தியிருக்கும்போதே நட்டை இறுக்கினார். ரெண்டு ஷூவும் டிரம்முக்கு நடுவுல தானா உக்காந்துக்குமாம். இந்த வித்தையெல்லாம் ரெட்டிச்ல இருந்து கப்பலேறி, திருவொற்றியூர் வழியா ராயபுரம் பிளாட்பாரம் வரைக்கும் வந்த சரக்குதான்.

கடைசியா செயினைச் சரி பண்ணினார், அதுக்கப்புறம்தான் பிரேக் நட்டைத் தொட்டார். செயினை இறுக்க சக்கரம் பின்னாடி நகரும்போது பிரேக் கம்பியும் இழுபடும். இது தெரியாம நான் இத்தனை வருஷம் மாத்தி மாத்திப் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

இப்போ பிரேக் பிடிக்குது. ஆனாலும் ஆறு இஞ்ச் டிரம் ஆறு இஞ்ச் டிரம்தான். அது பிறந்த காலத்துல இந்த ரோட்டுல கன்டெய்னர் லாரியே கிடையாது. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேலான புது வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். பழசை ஓட்டுற நமக்கு அந்தச் சட்டம் இல்லை, இடைவெளி விட்டு ஓட்டுறதுதான் சட்டம்.

பெரியப்பா லாரியைக் கண்டா ரெண்டு லாரி தூரம் விட்டுதான் வருவார். பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். அவருக்கு வண்டி தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.